எங்களுக்கு நடுவில் மூத்தம்மா

கலியாணத்தைப் போனில் சொன்னால் போனிலேயே வாழ்த்திவிட்டு வைத்துவிடுவார்கள் என்பது என் உம்மாவின் உறுதியான கொள்கை. வாட்ஸ்அப்பில் அழைப்பிதழ் அனுப்பினால் பதிலுக்கு ஒரு ரோசாப்பூப் படம் வரும், ஆள் வராது. வீடு தேடிப் போக வேண்டும். செருப்பைக் கழற்றி, கதிரையில் இருந்து, பிளேன்டீ குடித்து, "ஐயோ வேணாம், இப்பதான் தின்டிட்டு வாறம்" என்று சொல்லி, சொன்ன வாயாலேயே இரண்டு தரம் சோறு போட்டுத் தின்று, எழும்பி வரும்போது வாசற்படியில் வைத்து "மறந்திராம வந்திரணும்" என்று சொன்னால்தான் அது அழைப்பு. மற்றதெல்லாம் அறிவித்தல்.

சொந்தக்காரர் எல்லாம் பக்கத்துத் தெருவில் இருந்தால் இந்தக் கொள்கையால் யாருக்கும் நட்டமில்லை. எங்கள் சொந்தக்காரர் இலங்கை முழுக்க இருந்தார்கள்.

மாவடிப்பள்ளி சின்ன ஊர். காரைதீவுச் சந்தியிலிருந்து சம்மாந்துறை, அம்பாறை போகிற வீதியில், வயல்களுக்கு நடுவே இருக்கிறது. கிழக்கே காரைதீவு, விபுலாநந்த அடிகள் பிறந்த ஊர். மேற்கே சம்மாந்துறை. பஸ்ஸில் கண்ணயர்ந்தவர் எங்களைக் காணாமலே அம்பாறைக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். மாரியில் பெருமழை பெய்தால் வெள்ளம் றோட்டை மூடும். 2024 நவம்பரில் மதரசாப் பிள்ளைகளை ஏற்றி வந்த உழவு இயந்திரம் அந்த வெள்ளத்தில்தான் கவிழ்ந்தது. அதற்குப் பிறகு எங்கள் ஊரில் வெள்ளத்தைப் பற்றி ஒருவரும் பகிடி விடுவதில்லை. நானும் விடவில்லை. இந்தக் கதை நடந்தது அதற்கு முன்னால், நல்ல வெயில் காலத்தில்.

எனக்கும் என் பெண்சாதிக்கும் காவின் எழுதியது, அதாவது கலியாணத்தைப் பதிந்தது, 2022இல். நாடே பெற்றோல் வரிசையில் நின்ற வருடம். கிழக்கு மாகாணத்து வழக்கம் தெரிந்தவர்களுக்கு அடுத்து நடந்ததைச் சொல்லத் தேவையில்லை. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோக வேண்டும். அதற்காகப் பெண்ணின் வாப்பா ஒரு வீடு கட்டிக் கொடுக்க வேண்டும். பெண் பிள்ளை பிறந்த அன்றே கல் வாங்கத் தொடங்கும் வாப்பாமார் எங்கள் ஊரில் உண்டு. அது நியாயமா என்று கேட்டால் நியாயமில்லை என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் நான் சொல்வதற்கு முன்பே மாமா அத்திவாரம் வெட்டிவிட்டார். பிறகு சீமெந்து விலை ஏறியது. தரைக்குப் போடுகிற டைல்ஸ் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. வீடு லிண்டல் மட்டத்தில் நின்றது. எங்கள் கலியாணமும் அதே மட்டத்தில் நின்றது.

இப்படி நிற்கிற காலத்தில் ஒரு மாப்பிள்ளையின் நிலை என்ன? சட்டப்படி அவன் கணவன். 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் கீழ் பதிந்தாயிற்று. மஹர் எவ்வளவு என்று பதிவுப் புத்தகத்தில் எழுதி, நானும் அவளின் வாப்பாவும் கையெழுத்தும் போட்டாயிற்று. மார்க்கப்படியும் கணவன்தான் என்று மௌலவி சொன்னார். மாமி மட்டும் "வீடு முடியட்டும்" என்றார். மாமி சொன்னதுதான் நடந்தது.

ஆகவே வெளியே புருசன் பெண்சாதி, உள்ளே நிச்சயம் மட்டும் பேசிய பிள்ளைகள் என்ற கணக்கில் நாங்கள் இருந்தபோது, கூரை ஏறுகிற நாள் கிட்ட வந்துவிட்டது என்றும், வெளியூர்ச் சொந்தங்களுக்குக் கலியாணம் சொல்லப் போகவேண்டும் என்றும் இரு வீட்டாரும் கூடி முடிவெடுத்தார்கள். அந்தக் கூட்டத்தில் நான் ஒரு யோசனை சொன்னேன். "நாங்க ரெண்டு பேரும் மட்டும் போய்ச் சொல்லிட்டு வாறமே. செலவும் குறையும்."

கூட்டம் அமைதியானது. அவளின் உம்மாவைப் பெற்ற மூத்தம்மா வெற்றிலை இடிப்பதை நிறுத்தினார். "ஆரு ரெண்டு பேரும் மனே?" என்று கேட்டார். "நானும் நீயுமா?"

அத்துடன் யோசனை முடிந்தது. மூத்தம்மா பயணத்தில் சேர்ந்ததும் அந்த நிமிசத்தில்தான்.

முதலில் கே.டி.எச். வேன் எடுப்பதாக இருந்தது. கிலோமீட்டருக்கு எவ்வளவு என்று கேட்டதும் வாப்பாவுக்கு டொல்பின் வேனின் அருமை தெரிந்தது. என் உம்மா, வாப்பா, மாமி, மாமா, மூத்தம்மா, அவளின் ராத்தா, ராத்தாவின் பிள்ளைகள், என் தங்கச்சி எல்லாரும் ஏறினார்கள். "கண்டி மட்டும்தான்" என்று ஏறிய சாச்சி ஒருவர் கண்டி எப்போது வந்தது என்றே தெரியாத பாவனையில் கடைசி வரை வந்தார்.

ஆட்கள் ஏறிய பிறகு சாமான் ஏறியது. சொந்தக்காரர் வீட்டுக்கு வெறுங்கையோடு போக முடியுமா? மருதமுனைச் சாரன்கள் ஒரு பொதி. வாழைச்சேனைக் கருவாடு ஒரு பொதி. எருமைத் தயிர்ச் சட்டிகள் ஓலையில் கட்டி வரிசையாக. எல்லாவற்றுக்கும் கீழே எங்கள் வயல் அரிசி மூட்டைகள். "கொழும்புல அரிசி இல்லையா உம்மா?" என்று கேட்டேன். "இருக்கும். அது ஆருட அரிசியோ" என்றார் உம்மா.

இருக்கை ஒழுங்கு எந்தத் தீர்மானமும் இல்லாமல் தானாகவே அமைந்தது. நான் முன்னுக்கு, டிரைவர் காக்காவுக்குப் பக்கத்தில். அவள் கடைசி வரிசையில், யன்னல் ஓரம். அவளுக்குப் பக்கத்தில் மூத்தம்மா. எங்கள் இருவருக்கும் நடுவில் இரண்டு குடும்பங்களும் சிறுபோக அறுவடையும் இருந்தன. கல்முனையிலிருந்து கண்டி வழியாகக் கொழும்புக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் என்பார்கள். அந்தத் தூரத்தை வேன் கடந்தது. வேனுக்குள் இருந்த தூரம் அப்படியே இருந்தது.

கண்ணாடி ஒன்றுதான் எனக்கிருந்த வழி. முன்னால் தொங்குகிற அந்தச் சின்னக் கண்ணாடியில், சரியான கோணத்தில் சாய்ந்தால், கடைசி வரிசையில் அவளின் முகத்தில் பாதி தெரியும். டிரைவர் காக்கா இதைக் கவனித்தார். அம்பாறை தாண்டி உகணையில் வைத்து, "தம்பி, அந்தக் கண்ணாடி எனக்குப் பின்னால வாற பஸ்ஸப் பாக்கிறத்துக்கு" என்று சொல்லித் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். மகா ஓயாவில் தேநீருக்கு இறங்கி ஏறியபோது கண்ணாடி மறுபடி என் பக்கம் திரும்பியிருந்தது. ஒரு பிளேன்டீயும் பணிசும் வாங்கிக் கொடுத்ததைத் தவிர நான் வேறொன்றும் செய்யவில்லை.

பதியத்தலாவை, மஹியங்கனை, ஹசலக்க. அதற்குப் பிறகு கண்டி மலை ஏறவேண்டும். பதினெட்டு வளைவு என்று நாடறிந்த பாதை. கீழே நின்று பார்த்தால் மேலே போகிற லொறி மரத்தின் உச்சியில் ஓடுவதாகத் தெரியும். கரையோரத்தில் பிறந்த எங்களுக்குக் காரைதீவுச் சந்தியில் திரும்புவதே ஒரு வளைவு. மூத்தம்மா யாசீன் ஓதத் தொடங்கினார். மாமி தேசிக்காயை மூக்கில் வைத்தார். சின்னப் பிள்ளைகள் வளைவுகளைச் சத்தமாக எண்ணினார்கள்.

எண்ணிக்கை அதிகம் போகவில்லை. முதலில் ராத்தாவின் சின்ன மகன். அவனைப் பார்த்து சாச்சி. சாச்சியைப் பார்த்து மாமி. ஆளுக்கு ஒரு சொப்பிங் பேக் கொடுத்திருந்தோம். ஆனால் தேவை வந்த நேரத்தில் அவை எல்லாம் தயிர்ச் சட்டிகளுக்கு மேலே சுற்றப்பட்டிருந்தன. தயிர் சிந்தக்கூடாதாம். டிரைவர் காக்காவால் நிறுத்தவும் முடியாது. பின்னால் ஒரு பஸ் ஹோன் அடித்துக்கொண்டு வந்தது. நான் முன் சீட்டிலிருந்து பின்னால் தாவி, என் புதுச் சேட்டு வாங்கிய கடைப் பையைக் கொட்டிவிட்டு அதை மாமியின் வாயருகே பிடித்தேன். ஒரு கையால் பை, மறு கையால் கம்பி. வளைவுக்கு வளைவு எல்லாரும் இடப்பக்கம் சாய்ந்தோம், பிறகு வலப்பக்கம் சாய்ந்தோம். அந்தப் பையை நான் சிந்தவிடவில்லை.

மேலே ஏறி வேனை நிறுத்தியபோது மாமி ஒரு கல்லில் இருந்து முகம் கழுவினார். என்னைப் பார்த்தார். பேச்சுக்கால் நடந்த நாளிலிருந்து என்னை "அவர்" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவந்தவர், "மகன், நீங்களும் ஒள்ளம் தண்ணி குடிங்க" என்றார். என் பட்டம், அரசாங்க வேலை, ஓய்வூதியம் எதுவும் பெற்றுத்தராத "மகன்" பட்டத்தை ஒரு பொலித்தீன் பை பெற்றுத் தந்தது. என் போனில் ஒரு செய்தி வந்தது. "மச்சான், அந்தச் சேட்டு அழுக்காகல்ல. நான் மடிச்சு வெச்சிருக்கன்."

அக்குறணையில் இருப்பவர் வாப்பாவின் சாச்சா. மிளகு, கராம்பு யாவாரத்துக்குப் போன இடத்தில் கலியாணம் முடித்து அங்கேயே தங்கிவிட்டவர். இரவுச் சாப்பாட்டுக்குச் சஹன் வைத்தார்கள். வெளியாட்களுக்குச் சொல்வதென்றால், ஒரு பெரிய தாம்பாளத்தில் சோற்றைக் குவித்து, சுற்றி இருந்து எல்லாரும் கைபோட்டுத் தின்பது. சகோதரத்துவத்துக்கு மிக நல்ல வழக்கம். மாமாவும் மருமகனும் ஒரே சஹனில் முதல் தடவை இருக்கும்போது மட்டும் அது ஒரு பரீட்சை. நடுவில் பொரித்த கோழி. நான் எடுத்தால் மரியாதையில்லை. எடுக்காவிட்டால் மாமா, "மருமகனுக்கு எங்கட கை வெச்ச சோறு பிடிக்கல்லயோ" என்று நினைப்பார். மாமாவும் எனக்காகப் பார்த்துக்கொண்டிருந்தார். இருவரும் ஓரத்துச் சோற்றையே தின்று தின்று உள்ளே போனோம். கடைசியில் எங்கள் பக்கத்தில் சோறே இல்லை, கோழி தனியே நின்றது. பக்கத்தில் இருந்த வாப்பா அதை எடுத்துத் தின்றார்.

"மகன் என்ன வேலை?" என்று சாச்சா கேட்டார்.

"பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர்."

எங்கள் பக்கத்தில் இந்தப் பதிலுக்கு ஒரு மரியாதை உண்டு. அந்த உத்தியோகத்தர் என்ன செய்வார் என்று யாரும் கேட்க மாட்டார்கள். கவுர்மென்ட் வேலை என்றால் போதும். சாச்சா யாவாரி. சம்பளம் எவ்வளவு என்று கேட்டார். சொன்னேன். "கிழமைக்கா, மாசத்துக்கா?" என்றார். மாதத்துக்கு என்றதும் ஒன்றும் பேசாமல் தன் பக்கத்து இறைச்சித் துண்டுகளை என் பக்கம் தள்ளினார்.

இதற்கிடையில் பெண்கள் பக்கத்தில் மூத்தம்மா விசாரணையைத் தொடங்கியிருந்தார். "நீங்க என்ன குடி?"

கல்முனைக் கரையோரத்து முஸ்லிம்களுக்கும் தமிழருக்கும் குடி என்று ஒன்று உண்டு. அது தாய் வழியில் வரும். உம்மாவின் குடிதான் பிள்ளையின் குடி. பள்ளிவாசல் மரைக்காயர் பதவிகூடக் குடிவழி பார்த்துப் பிரிந்த காலம் இருந்தது. ஒரே குடிக்காரர் சகோதரங்கள், கலியாணம் முடிக்கக்கூடாது. டெனிஸ் மெக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர் அக்கரைப்பற்றுக்குப் பல தடவை வந்து தங்கி இதையெல்லாம் ஆராய்ந்து 2008இல் ஒரு தடித்த புத்தகம் வெளியிட்டார். மூத்தம்மாவுக்கு அதே வேலைக்கு ஒரு பிளேன்டீ ஆறுகிற நேரம் போதும். ஆனால் அக்குறணையில் அவருக்குப் பதில் கிடைக்கவில்லை. மலைநாட்டு முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றுக்குக் குடி கிடையாது. 'கெதர' என்று முடிகிற சிங்கள வீட்டுப் பெயர்தான் இருக்கும். அந்த வீட்டு மனுசி தங்கள் பெயரைச் சொன்னார். மூத்தம்மா அதை மனதில் எந்தப் பெட்டிக்குள் போடுவது என்று தெரியாமல் இரவு முழுக்கத் தூங்காமல் இருந்தார்.

அந்தத் தாகம் கொழும்பில் தீர்ந்தது. தீர்ந்த விதம்தான் எங்களுக்கு வினையானது.

வெல்லம்பிட்டியில் மாமியின் ஒன்றுவிட்ட ராத்தா வீடு. சாய்ந்தமருதிலிருந்து போய்க் குடியிருப்பவர்கள். மூத்தம்மாவும் அந்த வீட்டுப் பெரிய மனுசியும் பாக்கு வெட்டிக்கொண்டு இரு பக்கத்து வம்சத்தையும் ஆதியிலிருந்து எடுத்தார்கள். என் உம்மாவின் உம்மா, அவரின் உம்மா என்று மேலே போய்க்கொண்டிருந்தபோது அந்த மனுசி பாக்குவெட்டியை நிறுத்தினார். "கொஞ்சம் நில்லுங்க. அந்தப் பொம்புள உங்கட குடியெல்லுவா?"

வீடு உறைந்தது. கலியாணம் பேசும்போது குடியெல்லாம் பார்த்துத்தான் பேசினார்கள். ஆனால் அந்தக் காலத்து மனுசர்களைப் பற்றி ஒருவரின் ஞாபகத்துக்கு எதிராக இன்னொருவரின் ஞாபகத்தைத் தவிர வேறு சாட்சி ஏது? என் போனில் செய்தி வந்தது. "மச்சான், நாம சகோதரமாம்." என்ன பதில் எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருக்கையில் அடுத்தது வந்தது. "இனி உங்கள நானா எண்டு கூப்பிடட்டா, காக்கா எண்டு கூப்பிடட்டா?"

இந்தக் காலத்துப் பிள்ளைகள் குடியைப் பார்ப்பதில்லை. காவினும் எழுதியாயிற்று. சட்டத்திலும் மார்க்கத்திலும் குடி இல்லை. ஆனாலும் அன்று பின்னேரம் காலிமுகத்திடலுக்குப் போனபோது இரு வீட்டாரும் ஒருவருக்கொருவர் அளவுக்கு மீறி மரியாதையாகப் பேசிக்கொண்டார்கள். "நீங்க முன்னுக்குப் போங்க மதினி", "இல்ல, நீங்க போங்க." அதுதான் பயமாக இருந்தது. சண்டை போட்டிருந்தால் நம்பிக்கை வந்திருக்கும்.

அவளும் நானும் காலிமுகத்திடலில் கொஞ்ச நேரம் தனியே நடக்கலாம் என்று பயணம் தொடங்கிய நாளிலிருந்து திட்டம் போட்டிருந்தோம். அந்த நடைபாதையை அமைத்தவர் தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட். 1859இல் வேலை முடிந்ததும், கொழும்பின் பெண்கள், குழந்தைகளின் நலனுக்காக இதைப் பேணும்படி தனக்குப் பின் வருகிற தேசாதிபதிகளுக்குக் கல்லில் எழுதி வைத்தார். எங்கள் வேனிலிருந்து இறங்கிய பெண்களும் குழந்தைகளும் அவரின் எண்ணத்தை முழுமையாக நிறைவேற்றினார்கள். நாங்கள் நடந்த பக்கமெல்லாம் அவர்களும் நடந்தார்கள். நாங்கள் நின்றால் நின்றார்கள். நான் இஸ்ஸோ வடை வாங்கப் போனேன். எல்லாரும் வரிசையில் வந்து நின்றார்கள். மாப்பிள்ளைமாரின் நலனைப் பற்றி வார்ட் ஒன்றும் எழுதி வைக்கவில்லை.

அடுத்தது புத்தளம். கடலோரமாக நீர்கொழும்பு, சிலாபம் தாண்டிப் போகவேண்டும். வேனில் இப்போது சாமானைப் பற்றிய சண்டை. தயிர்ச் சட்டி ஒன்று உடைந்து கருவாட்டுப் பொதிக்குள் இறங்கியிருந்தது. அரிசி மூட்டையில் கால் நீட்ட இடமில்லை என்று சாச்சி. கண்டியோடு இறங்கியிருக்கலாமே என்று என் தங்கச்சி. இவ்வளவு சாமானை ஏற்றியது யார் என்று எல்லாரும் எல்லாரையும் கேட்டார்கள்.

புத்தளத்தில் எங்களை வரவேற்றவர் வாப்பாவின் மச்சானை முடித்த மாமி. யாழ்ப்பாணத்துச் சோனகத்தெருவில் பிறந்தவர். 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொன்னபோது வெளியேறி, புத்தளத்தில் அகதி முகாமில் இருந்து, பிறகு அங்கேயே கலியாணம் முடித்துத் தங்கியவர். வேனிலிருந்து நாங்கள் மூட்டை மூட்டையாக இறக்குவதையும், ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு சண்டை பிடிப்பதையும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "எவ்வளவு சாமான் கொண்டு வந்திருக்கிறீங்கள்!" என்றார் சந்தோசமாக. "கொண்டு போக விட்டிருக்கினம் எண்டால் அது பயணம்தான். நாங்கள் வரேக்க ஒரு பையும் விடேல்ல."

அதற்குப் பிறகு வீடு வந்து சேரும்வரை எங்கள் வேனில் சாமானைப் பற்றி ஒருவரும் குறை சொல்லவில்லை. சாச்சி அரிசி மூட்டையின் மேல் காலை மடித்து வைத்துக்கொண்டு வந்தார். புறப்படும்போது அந்த மாமி எங்கள் அரிசிக்குப் பதிலாக ஒரு பை புத்தளத்து உப்பு தந்தார். உம்மா அதை மடியில் வைத்துக்கொண்டார்.

அநுராதபுரம் தாண்டி ஹபரணைக்கு வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. ஓரிடத்தில் வாகனங்கள் நின்றன. றோட்டோரம் ஒரு யானை. ஜீப்புகளில் வெள்ளைக்காரர்கள் ஆளுயரக் கமெராக்களோடு எழுந்து நின்றார்கள். மின்னேரியாப் பக்கத்தில் ஓகஸ்ட், செப்டெம்பரில் நூற்றுக்கணக்கான யானைகள் கூடும். அதைப் பார்க்க உலகம் முழுக்க இருந்து வருகிறார்கள். "இதுக்குக் காசு குடுக்கிறாங்களா?" என்று மாமா டிரைவர் காக்காவிடம் கேட்டார். ஆமென்றதும் மாமாவின் முகம் மாறிவிட்டது. எங்கள் பக்கத்தில் வேளாண்மை வெட்டி முடிந்தால் யானை தானாக வரும். வேலியை உடைத்து, வாழையை முறித்து, விடியமுன் போய்விடும். காசு கேட்டதில்லை. "இத்தின வருசமும் வெடி போட்டுக் கலைச்சிட்டமே" என்றார் மாமா.

யானை வீதியைக் குறுக்காகக் கடந்து எங்கள் வேனுக்கு நேரே வந்து நின்றது. டிரைவர் காக்கா எஞ்சினையும் வெளிச்சத்தையும் நிறுத்தினார். "ஒருத்தரும் மூச்சு விடப்படாது" என்றார். பயணத்திலேயே முதல் தடவையாக வேனுக்குள் ஒரு சத்தமும் இல்லை. போனை வெளிச்சம் குறைத்து எடுத்து, "பயமா?" என்று அனுப்பினேன். "யானைக்கா, மூத்தம்மாக்கா?" என்று பதில் வந்தது. வீடு முடிந்ததும் எந்த அறைக்கு எந்த நிறம் என்பது முதல், என் உம்மா எவ்வளவு பேசினாலும் அவள் கோபிக்க மாட்டாள் என்பது வரை, அந்த இருட்டில் எழுதி எழுதிப் பேசினோம். காவின் எழுதிய நாளிலிருந்து பேசாததெல்லாம் பேசினோம். யானை ஒரு மரக்கிளையை முறித்துத் தின்றது. நான் அதற்கு நன்றியுள்ளவன்.

மன்னம்பிட்டி, ஓட்டமாவடி, ஏறாவூர், மட்டக்களப்பு. கல்லடிப் பாலம் தாண்டினால் காத்தான்குடி. நடு வீதியில் பேரீச்ச மரங்களை வரிசையாக நட்டு, காய்க்கவும் வைத்த ஊர். அங்கே எங்கள் இரு பக்கத்துக்கும் பொதுவான ஒரு மூத்தாப்பா இருந்தார். காது கேட்காது, ஞாபகம் மட்டும் அப்படியே. மூத்தம்மா செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அவரின் காதுக்குள் பிரச்சினையைச் சத்தமாகச் சொன்னார். தெருவில் போனவர்களும் நின்று கேட்டார்கள்.

மூத்தாப்பா கண்ணை மூடினார். நாங்கள் எல்லாரும் அவர் தூங்கிவிட்டார் என்றே நினைத்தோம். "அவ ரெண்டாந்தாரத்துப் புள்ள" என்றார் திடீரென்று. "ஒரு வாப்பாதான். உம்மா வேற. உம்மா வேறயெண்டா குடியும் வேற."

வெல்லம்பிட்டி மனுசி மூத்த தாரத்தையும் இரண்டாந்தாரத்தையும் மாற்றி வைத்திருக்கிறார். மூத்தம்மா "அதானே, நான் சொன்னன் எல்லுவா" என்றார். அவர் அப்படி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. என் உம்மாவும் மாமியும் அந்த நிமிசமே மரியாதையை விட்டுவிட்டு, கலியாணத்துக்கு வட்டிலப்பம் யார் செய்வது என்று சண்டை பிடிக்கத் தொடங்கினார்கள். எனக்கு நிம்மதி வந்தது. அவளிடமிருந்து செய்தி வந்தது. "அப்ப மச்சான்தான்."

வீடு முடிந்தது. கலியாணமும் நடந்தது. நாங்கள் போய்ச் சொன்ன வீடுகளில் பாதிப்பேர் வந்தார்கள். அக்குறணைச் சாச்சா ஒரு மூட்டை மிளகோடு வந்து, என் சம்பளத்தை இன்னொரு தடவை கேட்டுவிட்டுப் போனார். புத்தளத்து மாமி எல்லாருக்கும் முதல் வந்து எல்லாருக்கும் பிறகு போனார்.

கலியாணத்துக்கு முன் இருவரும் ஒருவரையொருவர் அறிந்துகொள்ள வேண்டும் என்று இப்போது எல்லாரும் பேசுகிறார்கள். சரிதான். ஐஸ்கிரீம் கடையில் எதிரெதிரே இருந்தால் அவருக்கு எந்த ஐஸ்கிரீம் பிடிக்கும் என்று அறியலாம். நான் ஒரு கண்ணாடியின் பாதியில் அவளைப் பார்த்துக்கொண்டு நாட்டைச் சுற்றினேன். மூத்தம்மா தோளில் தூங்கி வழிந்தபோது அவள் தோளை அசைக்காமல் மணிக்கணக்காக இருந்ததைப் பார்த்தேன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் டிரைவர் காக்கா சாப்பிட்டாரா என்று கேட்ட ஒரே ஆள் அவள்தான். என்னைப் பற்றி அவள் என்ன பார்த்தாள் என்று கேட்டால், இன்றைக்கும் அந்தப் பையைப் பற்றித்தான் சொல்கிறாள்.

ஆகவே பிள்ளைகளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருக்கும் உம்மா வாப்பாமாருக்கு ஒரு வேண்டுகோள். சம்பளச் சீட்டையும் பரீட்சைப் பெறுபேற்றையும் பார்ப்பதோடு நின்றுவிடாதீர்கள். வீட்டையும் காணியையும் பேசுவதற்கு முன் ஒரு வேனைப் பேசுங்கள். இரு வீட்டாரையும் ஏற்றுங்கள். கட்டாயம் ஒரு மூத்தம்மாவை ஏற்றுங்கள். வயிறு நிறையச் சோறு கொடுத்துப் பதினெட்டு வளைவு ஏற்றுங்கள். யார் பையைப் பிடிக்கிறார், யார் மூக்கைப் பிடிக்கிறார் என்று பாருங்கள். பையைப் பிடிக்கிறவருக்குக் காவின் எழுதுங்கள். மூக்கைப் பிடிக்கிறவரைக் கண்டியில் இறக்கிவிடுங்கள். கல்முனைக்கு அங்கிருந்து நேரடி பஸ் இருக்கிறது.